கிணற்று மோட்டாரைக் கழற்றும் முன் அளந்து பாருங்கள்

ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரை மேலே எடுப்பது ஒரு முழு நாள் வேலை. ஒருமுறை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து அறுபது மீட்டர் இரும்புக் குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றி வெளியே அடுக்கினோம். மோட்டாரைத் தரையில் கிடத்தி, மின்கசிவைச் சோதிக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்தால் காயிலில், அதாவது உள்ளே உள்ள கம்பிச் சுருளில், ஒரு குறையும் இல்லை. பம்பின் தண்டைக் கையால் திருப்பினால் தடையில்லாமல் சுற்றியது. கோளாறு கீழே இல்லவே இல்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் மின்சாரத்தை இணைக்கும் மூன்று காண்டாக்ட்களில் ஒன்று கருகிப்போய், மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை மோட்டாருக்குப் போகாமல் நின்றிருந்தது. கால் மணி நேரத்தில் மாற்றியிருக்கக்கூடிய பொருள் அது. குழாயைத் திரும்ப இறக்கும்போது கேபிள் கிணற்று விளிம்பில் உரசித் தோல் உரிந்தது; அது நாங்களே புதிதாகச் சேர்த்த கோளாறு.

அன்றிலிருந்து அளக்காமல் எதையும் நான் கழற்றுவதில்லை. கிணறு உள்ள நிலத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. எல்லாப் பழுதையும் நீங்களே சரிசெய்ய வேண்டியதில்லை. ஆனால் எது நம் கையால் முடியும், எதற்கு ஆளை அழைக்க வேண்டும், வருகிறவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். "தண்ணீர் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் வருகிறவர் குழாயை உருவத்தான் தயாராக வருவார். "ஆம்பியர் பாதியாகக் குறைந்திருக்கிறது, நீர்மட்டம் 42 மீட்டருக்கு இறங்கிவிட்டது" என்று சொன்னால் அவர் முதலில் யோசிப்பார்.

கிணற்றுக்குள் இறங்காதீர்கள்

மற்றதையெல்லாம் விட்டுவிட்டாலும் இந்தப் பகுதியை மட்டும் படித்துவிடுங்கள். நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றின் அடியில் காற்றைவிடக் கனமான கரியமில வாயு தேங்கி நிற்கும். இலைச்சருகும் சேறும் மக்கும் இடத்தில் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம், அது 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே அந்த இடத்தில் ஆள் நிற்கக் கூடாது. கிணற்றுக்குள் டீசல் எஞ்சினை இறக்கி ஓட்டியிருந்தால் கார்பன் மோனாக்சைடும் சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றத்தை நம்பியும் இருக்க முடியாது. அளவு கூடியதும் அது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும்.

விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டு இறங்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்தச் சோதனை போதாது. விளக்கு அணையாமல் எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். மீத்தேன் இருந்தால் விளக்கே அதைக் கொளுத்திவிடும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அவரைக் காப்பாற்றக் கயிறும் மூச்சுக்கருவியும் இல்லாமல் இரண்டாமவர் குதிக்கிறார், பிறகு மூன்றாமவர். ஒரே கிணற்றில் பலர் இறப்பது இப்படித்தான். பம்பு வேலைக்காக உள்ளே இறங்கியே தீர வேண்டுமென்றால் வாயுக்களை அளக்கும் கருவி, காற்றோட்டம், இடுப்பு வார், மேலே நின்று தூக்க ஆட்கள் என எல்லாமும் உள்ள பயிற்சி பெற்றவர்களிடம் அந்த வேலையை விட்டுவிடுங்கள். உறிஞ்சு குழாயின் அடிமுனையில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வைச் சுத்தம் செய்ய வேண்டுமானால் குழாயோடு சேர்த்து மேலே இழுத்துக்கொள்ளலாம்.

மின்சாரத்துக்கும் இதே கண்டிப்பு தேவை. மெயின் சுவிட்சை அணைத்த பிறகு ஃபியூஸ்களை உருவி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அப்போதுதான் வேறு யாரும் தெரியாமல் போட்டுவிட முடியாது. மின்சாரம் வந்ததும் தானாகவே மோட்டாரை ஓட்டும் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்தால் இது இன்னும் முக்கியம். டெஸ்டரை, மின்சாரம் இருக்கிறது என்று தெரிந்த ஓரிடத்தில் முதலில் வைத்து அது எரிகிறதா என்று உறுதிசெய்துகொண்டு, பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் வையுங்கள். ஒருமுனை மோட்டார் பெட்டியில் உள்ள கப்பாசிட்டர், பலர் கண்டென்சர் என்று சொல்வது, மின்சாரத்தை அணைத்த பிறகும் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதன் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு குண்டு பல்பைச் சில வினாடிகள் இணைத்து வடியவிட்ட பிறகே கை வையுங்கள்.

உங்கள் பம்பு எந்த வகை

கிணற்று மேட்டிலோ மோட்டார் அறையிலோ உட்கார்ந்து, ஒரு குழாயைக் கீழே விட்டுத் தண்ணீரை உறிஞ்சுவது ஒரு வகை. மோட்டாரும் பம்பும் ஒரே தண்டில் அமைந்த மோனோபிளாக் இதில் பரவலாகக் காணப்படுவது. இன்னொரு வகை தண்ணீருக்குள்ளேயே முழுகியிருந்து மேலே தள்ளும் நீர்மூழ்கி மோட்டார், அதாவது சப்மெர்சிபிள். உறிஞ்சுவதற்கும் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு புரிந்தால் பல கோளாறுகள் தாமாகவே விளங்கும்.

உறிஞ்சும் பம்பு 18 முழத்துக்கு மேல் தண்ணீரை ஏற்றாது என்று ஒரு கைவினைஞர் சொன்ன செய்தியைக் கலிலியோ 1638இல் வெளியான தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். எவ்வளவு நன்றாகச் செய்த பம்பும் அந்த எல்லையைத் தாண்டவில்லை. ஏன் என்பதற்கு 1643இல் டோரிசெல்லி பாதரசத்தைக் கொண்டு செய்த சோதனை விடை தந்தது. பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியே உள்ள காற்றின் எடைதான் தண்ணீரை மேலே அழுத்துகிறது. கடல் மட்டத்தில் அந்த எடை தாங்கும் நீரின் உயரம் 10.3 மீட்டர். உராய்வும் கசிவும் போக நடைமுறையில் 7 மீட்டர் வரைதான் நம்பலாம். நிலம் 1,000 மீட்டர் உயரத்தில் இருந்தால் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் குறையும். கோடையில் "பம்பு பழுதாகிவிட்டது" என்று கழற்றப்படும் மோனோபிளாக்குகளில் பலவற்றுக்குப் பழுதே கிடையாது. நீர்மட்டம் 8 மீட்டருக்குக் கீழே போயிருக்கும், அவ்வளவுதான். பம்பை நீர்மட்டத்துக்கு அருகே இறக்கி வைப்பதோ நீர்மூழ்கிக்கு மாறுவதோதான் அதற்கு வழி. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரைப் புதிதாகப் போட்டுப் பயனில்லை.

மூன்று அளவுகள்

பம்பு நன்றாக ஓடும் நாளிலேயே இந்த மூன்றையும் எடுத்து எழுதி வையுங்கள். பழுதான பிறகு எடுக்கும் அளவை ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் உங்களிடம் இருக்காது.

முதல் அளவு நீர்மட்டம். திறந்த கிணறானால் கயிற்றில் கல் கட்டி விட்டுப் பார்க்கலாம். ஆழ்துளைக் கிணற்றில் மெல்லிய இரட்டைக் கம்பியின் நுனிகளைச் சற்றே உரித்து, ஒன்றையொன்று தொடாதபடி பிரித்துக் கட்டி, சிறு எடையோடு மெதுவாக இறக்குங்கள். மேல்முனையில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தால், நுனி தண்ணீரைத் தொட்ட நொடியில் முள்ளோ எண்ணோ அசையும். பம்பு சில மணி நேரம் ஓய்ந்திருக்கும்போது ஓர் அளவு, ஒரு மணி நேரம் ஓடிய பின் இன்னோர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கிணற்றின் ஊறலைச் சொல்லும். மோட்டார் கேபிளில் சிக்கிக்கொள்ளாதபடி அவசரப்படாமல் இறக்க வேண்டும்.

இரண்டாவது ஆம்பியர். டாங் டெஸ்டர் என்ற கவ்வி மீட்டரை ஒவ்வொரு கம்பியிலும் தனித்தனியாக மாட்டிப் பாருங்கள். கம்பியை அறுக்கவோ அவிழ்க்கவோ வேண்டாம். கூடவே மோட்டார் ஓடும்போது மின்னழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். திறந்த பெட்டியில் மின்சாரம் ஓடும்போது எடுக்கும் அளவு இது. பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை ஒருமுறை வரவழைத்து எடுத்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது தண்ணீரின் அளவு. 200 லிட்டர் பீப்பாயை நிரப்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 80 வினாடி என்றால் வினாடிக்கு இரண்டரை லிட்டர். தொட்டி தூரத்தில் இருந்தால் அங்கே அளக்காதீர்கள், கிணற்று வாயிலிலேயே அளவெடுங்கள். இங்கே அளவு குறையாமல் தொட்டிக்கு மட்டும் தண்ணீர் குறைந்தால், நடுவழியில் மண்ணுக்குள் குழாய் உடைந்திருப்பதும் இந்தக் கணக்கில் தெரிந்துவிடும்.

இப்போது பழுது வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆம்பியரே இல்லையென்றால் மின்சாரம் மோட்டாரை எட்டவில்லை. ஃபியூஸ், ஸ்டார்ட்டர், கேபிள் இணைப்பு என்று வரிசையாகப் பாருங்கள். வழக்கத்தைவிட ஆம்பியர் நன்றாகக் குறைந்து, தண்ணீரும் வரவில்லையென்றால் பம்பு சுமையில்லாமல் சுற்றுகிறது. நீர்மட்டம் பம்புக்குக் கீழே போயிருக்கலாம், காற்று அடைத்திருக்கலாம், மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் உடைந்திருக்கலாம். ஆம்பியர் வழக்கம்போலவே இருந்து தண்ணீர் மட்டும் குறைந்தால் கிணற்று வாயில் காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே அருவிபோல் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் குழாயில் ஓட்டை விழுந்திருக்கிறது, ஏறிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கே போகிறது. ஆம்பியர் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால் குறைந்த மின்னழுத்தம், தேய்ந்த பேரிங், பம்புக்குள் மணல் இவற்றில் ஒன்று. மோட்டார் சுழலாமல் "உம்" என்று முனகி, பெயர்த்தகட்டில் எழுதியதைப்போல ஐந்தாறு மடங்கு ஆம்பியர் இழுத்தால் உடனே நிறுத்திவிடுங்கள். சில வினாடிகளில் காயில் வெந்துவிடும்.

தரைக்கு மேலே முடிக்க வேண்டியவை

ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்ததும் முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். கருகிய வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பிறகு கண்ணால் பாருங்கள். எறும்பும் பல்லியும் காண்டாக்ட்களுக்கு நடுவே சிக்கி மின்சாரத்தைத் தடுப்பது மிகவும் சாதாரணமான பழுது. காண்டாக்ட் முகம் குழிகுழியாகக் கருகியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்து ஓட்டுவதைவிட மாற்றிவிடுவதே சரி. திருகுகள் ஒவ்வொன்றையும் இறுக்கிப் பாருங்கள். தளர்ந்த திருகு சூடேறும், சூடேறியது மேலும் தளரும்.

ஆம்பியர் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுகிறது என்று அதன் அளவைக் கூட்டி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மோட்டாரின் பெயர்த்தகட்டில் உள்ள ஆம்பியருக்கு மேல் அதை வைக்கவே கூடாது. ரிலே விழுவது பழுதல்ல, பழுதைச் சொல்லும் குரல். ஃபியூஸுக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுவதும் இதே தவறுதான்.

ஒருமுனை மோட்டார் முனகிக்கொண்டு சுழலாமல் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கப்பாசிட்டரை. வீங்கியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ மாற்றிவிடலாம். மைக்ரோஃபாரட் அளவு பழையதில் எழுதியிருப்பதுதான் இருக்க வேண்டும்; வோல்ட் அளவு அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். இது மலிவான, எளிதான பழுது. பலர் இதற்காகவே மோட்டாரை வெளியே எடுத்துக் காயில் கட்டக் கொடுத்துவிடுகிறார்கள்.

மும்முனை மோட்டாரில் மூன்று கம்பிகளின் ஆம்பியரும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். சராசரியிலிருந்து எதுவும் 5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் குற்றம் மின்சார வழியிலா மோட்டாரிலா என்று கண்டுபிடிக்க ஓர் அருமையான முறை இருக்கிறது. மின்சாரத்தை அணைத்துவிட்டு, மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளையும் ஒவ்வோர் இடம் நகர்த்தி மாட்டுங்கள்: முதலாவது இரண்டாவது இடத்துக்கு, இரண்டாவது மூன்றாவது இடத்துக்கு, மூன்றாவது முதலிடத்துக்கு. மூன்றையும் சேர்த்து நகர்த்துவதால் சுழலும் திசை மாறாது. மறுபடி அளந்தால், கூடுதல் ஆம்பியர் பழைய இடத்திலேயே நின்றால் குற்றம் மின்சார வழியில். கம்பியோடு சேர்ந்து அதுவும் நகர்ந்தால் குற்றம் கேபிளிலோ மோட்டாரிலோ. குழாயை உருவலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை தரும் சோதனை எனக்குத் தெரியாது.

இதோடு மெக்கர் சோதனையையும் செய்துவிட வேண்டும். கேபிளை ஸ்டார்ட்டரிலிருந்து முழுவதும் பிரித்துவிட்டு, 500 வோல்ட் மெக்கரில் ஒரு முனையைக் கேபிளிலும் மறுமுனையை எர்த்திலும் வையுங்கள். கிணற்றுக்குள் இருக்கும் நல்ல மோட்டார் அரை மெகா ஓமுக்குக் குறையாமல் காட்டும். புதிதாக இறக்கியது இரண்டு மெகா ஓமுக்கு மேல் இருக்கும். அரை மெகா ஓமுக்குக் கீழே வந்தால் இன்சுலேஷன் கெட ஆரம்பித்திருக்கிறது. மோட்டார் இன்று ஓடினாலும் எடுப்பதற்கு நாள் பார்த்துவிடலாம். சாதாரண மல்டிமீட்டர் இந்தக் கேள்விக்கு விடை தராது, அதன் மின்னழுத்தம் மிகவும் குறைவு.

சுழலும் திசையையும் ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது. மையவிலக்குப் பம்பு தலைகீழாகச் சுழன்றாலும் கொஞ்சம் தண்ணீர் தரும். அதனால் "தண்ணீர் வருகிறதே, திசை சரிதான்" என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் பாதித் தண்ணீரோடு ஓட்டுகிறவர்கள் உண்டு. கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் திசை மாறும். இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்து, எதில் தண்ணீரும் அழுத்தமும் அதிகமோ அதுவே சரி. மோனோபிளாக்கானால் உறையில் அம்புக்குறி போட்டிருக்கும். அதையே பின்பற்றுங்கள், ஓட்டிப் பார்க்க வேண்டாம். சிலவற்றில் இம்பெல்லர் மரையில் பொருத்தப்பட்டிருப்பதால் தலைகீழ்ச் சுழற்சியில் கழன்றுவிடும்.

கிணற்று மேட்டுப் பம்பு

இந்த வகையில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை உறிஞ்சு குழாய் சம்பந்தப்பட்டவை. மேலே உள்ள மூடியைத் திறந்து பம்பையும் குழாயையும் தண்ணீரால் நிரப்புங்கள். கால் மணி நேரம் காத்திருந்து பாருங்கள். விளிம்பு வரை நின்ற தண்ணீர் இறங்கிக்கொண்டே போனால் ஃபுட் வால்வு மூடவில்லை, அல்லது குழாயில் கசிவு. வால்வை மேலே எடுத்தால் பெரும்பாலும் ஒரு குச்சியோ சிறு கல்லோ அடைப்பானுக்கும் இருக்கைக்கும் நடுவே மாட்டியிருக்கும். சுத்தம் செய்தபின் தலைகீழாகப் பிடிக்காமல் நிமிர்த்திப் பிடித்துத் தண்ணீர் ஊற்றி, சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் தோல் அல்லது ரப்பர் வாஷரை மாற்றிவிடுங்கள். திரும்ப வைக்கும்போது கிணற்றடிச் சேற்றிலிருந்து ஓர் அடியாவது உயரத்திலும், கோடையில் தண்ணீர் இறங்கும்போதும் அரை மீட்டருக்குக் குறையாமல் முழுகியும் இருக்கும்படி நிறுத்த வேண்டும்.

தண்ணீர் நிற்கிறது, ஆனால் ஓட்டினால் விட்டுவிட்டு இருமுவதுபோல் வருகிறது என்றால் எங்கோ காற்றை இழுக்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் உள்ள ஓட்டையிலிருந்து தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஆகவே ஈரத்தைத் தேடிப் பயனில்லை. சோப்பு நுரையைக் கெட்டியாகக் கரைத்து ஒவ்வோர் இணைப்பிலும் தடவி, பம்பை ஓட்டிப் பாருங்கள். நுரை உள்வாங்கும் இடம்தான் ஓட்டை. குழாய் பம்பை நோக்கி எங்கும் தாழாமல் ஏறிக்கொண்டே போகிறதா என்றும் பாருங்கள். நடுவில் மேடாக வளைந்திருந்தால் அந்த வளைவில் காற்று தங்கும், எத்தனை முறை நிரப்பினாலும் திரும்பத் திரும்ப அடைக்கும். பம்புக்குள் கூழாங்கல் உருள்வதுபோல் சத்தம் கேட்டால் ஃபுட் வால்வின் வடிகட்டி அடைத்திருக்கிறது அல்லது நீர்மட்டம் எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது. அப்படியே ஓட்டினால் இம்பெல்லர் அரித்துப்போகும்.

தண்டைச் சுற்றி நூல்கயிறு அடைத்த கிளாண்ட் உள்ள பம்பாக இருந்தால், அதிலிருந்து தண்ணீர் சொட்டுவது குற்றமல்ல. நிமிடத்துக்கு 30 முதல் 60 சொட்டு விழ வேண்டும். அதுதான் தண்டைக் குளிரவைக்கிறது. முற்றிலும் நிற்கும்வரை நட்டை இறுக்கினால் கயிறு கருகித் தண்டில் பள்ளம் விழும். கயிற்றை மாற்றும்போது வளையம் வளையமாக வெட்டி, அடுத்தடுத்த வளையங்களின் வெட்டுகள் ஒரே நேர்கோட்டில் அமையாதபடி கால்வட்டம் தள்ளித் தள்ளி வையுங்கள். கயிற்றுக்குப் பதிலாக இரண்டு வழவழப்பான முகங்கள் அழுந்தித் தண்ணீரைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் உள்ள மோனோபிளாக்கில் கணக்கு வேறு: அது சொட்டவே கூடாது. சொட்டினால் சீலின் இரண்டு பாகங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பளபளப்பான முகத்தை விரலால் தொடாமல், சுத்தமான தண்ணீரால் ஈரப்படுத்திப் பொருத்துங்கள். தண்ணீர் இல்லாமல் அரை நிமிடம் ஓட்டிச் சோதித்தால்கூடப் புது சீல் போய்விடும்.

பேரிங்குக்கு கிரீஸ் வைப்பதில் ஒரு வார்த்தை. நிறைய வைத்தால் நல்லது என்ற எண்ணம் தவறு. உள்வெளியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை போதும். அதற்கு மேல் அடைத்தால் சூடேறும்.

நீர்மூழ்கியை மேலே எடுப்பது

அளவுகள் எல்லாம் கீழேதான் குற்றம் என்று காட்டிவிட்டன. இப்போது எடுக்கலாம். ஆனால் எடையை முதலில் கணக்குப் போடுங்கள். 40 மில்லிமீட்டர் இரும்புக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ மூன்றரை கிலோ. அதற்குள் நிற்கும் தண்ணீர் மீட்டருக்கு ஒன்றேகால் கிலோ. அறுபது மீட்டர் என்றால் மோட்டாரையும் சேர்த்து 300 கிலோவைத் தாண்டும். கையால் இழுக்கும் வேலையல்ல இது. உறுதியான முக்காலியும் செயின் பிளாக்கும் பழகிய ஆட்களும் வேண்டும். சிறிய பம்பும் இலகுவான பிளாஸ்டிக் குழாயும் 20, 25 மீட்டர் ஆழமும் என்றால் இரண்டு மூன்று பேர் எடுத்துவிடலாம்.

வேலை தொடங்கும் முன் மேலே மின்கம்பி போகிறதா என்று தலையை உயர்த்திப் பாருங்கள். நிமிர்த்திய குழாய் அதில் பட்டு உயிர் போனவர்கள் உண்டு. குழாயைத் தூக்கும் கிளாம்புகள் இரண்டு இருக்க வேண்டும். ஒன்று கிணற்று வாயில் உட்கார்ந்து முழு எடையையும் தாங்கிய பிறகே இன்னொன்றைத் தளர்த்த வேண்டும். இந்த ஒழுங்கு ஒருமுறை தவறினால் குழாய், மோட்டார், கேபிள் எல்லாம் ஆழத்துக்குப் போய்விடும், சில நேரம் கிணறே பயன்படாமல் போகும். கேபிளைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள். ஒருவர் கேபிளையும் பாதுகாப்புக் கயிற்றையும் சுருட்டிக்கொண்டே வரட்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். எடுத்த குழாய்களுக்கு வரிசை எண் போடுங்கள். துரு, ஓட்டை, தேய்ந்த மரை எந்த ஆழத்தில் வந்தது என்று பிறகு தெரியும்.

மோட்டார் வெளியே வந்ததும் கிணற்று வாயை மூடிவிடுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்து மூடலாம் என்று விடக் கூடாது. திறந்த துளைக்குள் ஒரு ஸ்பேனர் விழுந்தாலே பெரும் தொல்லை, குழந்தை விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பம்பின் வடிகட்டியைக் கழுவி, தண்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். கரகரவென்றால் மணல், இறுகி நின்றால் இம்பெல்லர் அடுக்குகளில் உப்புப் படிந்திருக்கலாம், தண்டு பக்கவாட்டில் ஆடினால் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. அடுக்குகளைப் பிரிப்பது முதல்முறை செய்கிறவருக்கான வேலையல்ல, வரிசை மாறினால் மீண்டும் கூடாது. காயிலும் அப்படித்தான். ஆனால் பட்டறைக்குக் கொடுக்கும்போது ஏன் பழுதானது என்ற கேள்வியையும் சேர்த்துக் கொடுங்கள். மணல் தள்ளும் கிணற்றில் புது புஷ் போட்டு அதே ஆழத்தில் இறக்கினால் அடுத்த பழுதுக்கு நாள் குறித்ததாக அர்த்தம்.

திரும்ப இறக்குவது

நீர் நிரப்பிய வகை மோட்டாரில் இறக்குவதற்கு முன் சுத்தமான தண்ணீர் ஊற்ற வேண்டும். மேல் அடைப்பானைத் திறந்து மெதுவாக ஊற்றி, மோட்டாரைச் சற்று அசைத்து, குமிழிகள் அடங்கும்வரை பொறுத்து மீண்டும் நிரப்புங்கள். உள்ளே உள்ள புஷ்களுக்கு அந்தத் தண்ணீர்தான் எண்ணெய். தரையில் வைத்து "ஓடுகிறதா பார்ப்போம்" என்று உலர ஓட்டுவது அவற்றைக் கொல்லும்.

கேபிள் இணைப்பில் நேரம் செலவிடுங்கள். மூன்று கம்பிகளையும் ஒரே இடத்தில் இணைக்காமல் படிப்படியாக நீளம் மாற்றி வெட்டி, அழுத்தி இணைத்து, ஒவ்வொன்றுக்கும், சூடாக்கினால் சுருங்கி ஒட்டும் பசையுள்ள சுருங்குறை போட்டு, மேலே எல்லாவற்றையும் சேர்த்து ஓர் உறை போடுங்கள். பிறகு இணைப்பை ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, முனைகள் வெளியே இருக்க, கம்பிக்கும் தண்ணீருக்கும் இடையே மெக்கர் வைத்துப் பாருங்கள். நீருக்குள் போன பிறகு தெரியும் கசிவு இங்கேயே தெரிந்துவிடும்.

இறக்கும்போது மூன்று மீட்டருக்கு ஒருமுறை கேபிளைக் குழாயோடு கட்டுங்கள். மிக இறுக்கமாகவும் வேண்டாம், தொய்வாகவும் வேண்டாம். கிணற்று விளிம்பில் ஒரு சாக்கை மடித்துப் போட்டால் கேபிள் உரசாது. நான்கைந்து குழாய் இறக்கியதும் ஒருமுறை மெக்கர் வையுங்கள். எங்கே கேபிள் அடிபட்டது என்று உடனே தெரிந்தால் ஐந்து குழாயோடு போகும், இல்லையென்றால் அத்தனையையும் மீண்டும் உருவ வேண்டும். மோட்டார் கிணற்றடியைத் தொடாமல் குறைந்தது மூன்று மீட்டர் மேலே நிற்கட்டும். தண்ணீர் ஊறும் இடம் மோட்டாருக்கு மேலே இருந்தால், தண்ணீர் மோட்டாரை உரசாமல் நேராகப் பம்புக்குள் போய்விடும், மோட்டார் சூடாகும். அதற்கு மோட்டாரைச் சுற்றி ஓர் உறைக்குழாய் மாட்டி, தண்ணீர் அடியிலிருந்து ஏறி வரும்படி செய்ய வேண்டும்.

முதல்முறை ஓட்டும்போது வால்வைக் கொஞ்சமாகத் திறந்து வைத்து, தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே விடுங்கள். கலங்கலாக வரும்போது பயந்து நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் குழாயில் உள்ள மணல் இறங்கிப் பம்பின் மேல் உட்கார்ந்துவிடும். தெளியும்வரை ஓட்டி, வால்வை மெல்ல மெல்லத் திறங்கள். நிறுத்தியதும் உடனே மறுபடி போடாமல் சில நிமிடம் பொறுங்கள். குழாயில் உள்ள தண்ணீர் திரும்பி இறங்கும்போது பம்பு எதிர்த்திசையில் சுழன்றுகொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் ஓட்டினால் தண்டு முறியலாம்.

அழுத்தத் தொட்டி வைத்திருப்பவர்கள் மோட்டார் நிமிடத்துக்கொருமுறை ஓடி நிற்பதைக் கண்டால் பம்பைத் தொடாமல் தொட்டியின் காற்றைப் பார்க்க வேண்டும். தண்ணீரை வடித்துவிட்டு, மோட்டார் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 0.14 பார் குறைவாகக் காற்று நிரப்புங்கள்.

குளோரின் போடாமல் முடிக்காதீர்கள்

தரையில் கிடந்த குழாயும் கேபிளும் மண்ணையும் கிருமிகளையும் சேர்த்தே கிணற்றுக்குள் கொண்டுபோகும். குடிக்கும் தண்ணீர் என்றால் கிருமிநீக்கம் கட்டாயம். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்பது கணக்கு. 33 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடரானால் ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு 150 கிராம் வரும். 150 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஆழ்துளைக் கிணற்றில் 60 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு கன மீட்டருக்குச் சற்றே அதிகம். 160 கிராம் போதும். 3 மீட்டர் குறுக்களவும் 4 மீட்டர் தண்ணீரும் உள்ள திறந்த கிணற்றில் 28 கன மீட்டர் இருக்கும், அதற்கு நாலேகால் கிலோ தேவைப்படும். வீட்டிலிருப்பவர்கள் யாரும் குடிக்கக் கூடாது என்று முதலில் சொல்லிவிட்டு, திறந்தவெளியில் நின்று, பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் பவுடரைப் போட்டுக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். எந்த அமிலத்தோடும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு எழும். பம்பை ஓட்டி எல்லாக் குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்துவிட்டு, பிறகு அணைத்து, 12 மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுவிடுங்கள். மறுநாள் வாடை போகும்வரை இறைத்து வெளியேற்ற வேண்டும். அந்தத் தண்ணீரைச் செடிகளுக்கோ மீன் உள்ள குளத்துக்கோ விடாதீர்கள்.

இறைத்து முடித்ததும் டாங் டெஸ்டரையும் பீப்பாயையும் நீர்மட்டக் கம்பியையும் மறுபடி எடுங்கள். நீர்மட்டம், ஆம்பியர், வினாடிக்கு எத்தனை லிட்டர், அன்றைய மின்னழுத்தம், மோட்டார் நிற்கும் ஆழம், குழாய்களின் எண்ணிக்கை, மெக்கர் காட்டிய அளவு எல்லாவற்றையும் ஓர் அட்டையில் தேதியோடு எழுதி, ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆம்பியரும் தண்ணீரும் அளந்து கீழே ஒரு வரி சேருங்கள். நீர்மட்டத்தை மழைக்கு முன்னும் பின்னும் பார்த்தால் போதும்.